புளூஸ் இசையில் பெண்கள்

புளூஸ் இசையில் பெண்கள் என்னும் இக்கட்டுரை, ஐக்கிய அமெரிக்காவில் ஆப்பிரிக்க அமெரிக்க மக்களிடையே தோன்றிய புளூஸ் இசையை வளர்த்த பெண் பாடகிகள், பாடலாசிரியர்கள், இசைக்கருவிக் கலைஞர்கள் ஆகியோரைப் பற்றியும், பிற்காலத்தில் மேடை நிகழ்ச்சிகள் மூலம் அவர்கள் நினைவுகூரப்பட்ட வரலாற்றைப் பற்றியும் கூறுகின்றது. புளூஸ் என்றவுடன் கிட்டாருடன் தனித்துப் பாடும் ஆணின் உருவமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றது. எனினும், இவ்விசையை முதன்முதலாக இசைத்தட்டில் பாடி நாடெங்கும் அறியச் செய்தவர்கள் பெண்களே ஆவர். 1920 முதல் ஏறத்தாழ 1930 வரையான காலத்தில் இவர்கள் பாடிய பாணி "செவ்வியல் பெண் புளூஸ்" எனப்படுகின்றது.

இசையின் அமைப்பு

புளூஸ் பாடல்கள் பெரும்பாலும் பன்னிரண்டு தாள அளவுகளைக் கொண்ட ஒரு சுற்றில் அமைகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று அடிகள் உண்டு. முதல் அடி இரண்டாவது அடியாகத் திரும்பவும் பாடப்படும்; மூன்றாவது அடி அதற்கு விடை போலவோ, எதிர்பாராத முடிவாகவோ அமையும். மேற்கத்திய பெருஞ்சுர வரிசையின் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் சுரங்களைச் சற்றே தாழ்த்திப் பாடுவது இவ்விசையின் தனி அடையாளம். இவற்றைக் கருநாடக இசையின் காந்தாரம், பஞ்சமம், நிஷாதம் ஆகியவற்றின் இடங்களோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம்.

பாடகி ஓர் அடியைப் பாடி நிறுத்தியதும் எஞ்சிய தாள அளவுகளில் கருவி இசை மறுமொழி கூறும். அவையில் இருப்போரும் குரல் கொடுப்பர். பாடுபவரும் கேட்பவரும் சேர்ந்தே ஒரு பாடலை நிறைவு செய்வதால், புளூஸ் அடிப்படையில் மேடைக்கு உரிய கலையாகக் கருதப்படுகின்றது. ஓர் அடி திரும்பப் பாடப்படும்போது சொல் மாறாவிட்டாலும், அழுத்தமும் குரலின் நிறமும் மாறும். பாடகியின் திறமை இந்த மாற்றத்திலேயே வெளிப்படும்.

தோற்றம்

அடிமை முறை 1865 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட பின்னர், அமெரிக்கத் தென் மாநிலங்களில் வயல் வேலைப் பாடல்கள், ஆன்மீகப் பாடல்கள், கதைப்பாடல்கள் ஆகியவற்றிலிருந்து புளூஸ் உருவானது. அக்காலத்தில் ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்து நிகழ்ச்சி நடத்தும் குழுக்கள் இருந்தன. ஆடல், நகைச்சுவை, பாடல், வித்தை ஆகியவை கலந்த இக்கூடாரங்களில்தான் பெண் புளூஸ் பாடகிகள் பயிற்சி பெற்றனர்.

இவர்களுள் முன்னோடி மா ரெய்னி (இறப்பு 1939) ஆவார். இவரது இயற்பெயர் கெர்ட்ரூட் பிரிட்ஜெட். 1904 ஆம் ஆண்டில் வில் ரெய்னி என்னும் கலைஞரை மணந்து, இருவரும் இணைந்து பயணக் குழுக்களில் பாடினர். 1902 ஆம் ஆண்டில் மிசூரி மாநிலத்தின் ஒரு சிற்றூரில், தன்னை விட்டுச் சென்ற ஆணைப் பற்றி ஓர் இளம்பெண் பாடியதைக் கேட்டு, அப்பாடலைத் தம் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டதாக மா ரெய்னி பின்னாளில் இசை ஆய்வாளர் ஜான் வொர்க்கிடம் கூறியுள்ளார். பெயர் அறியப்படாத அந்தப் பெண்ணும் இவ்விசையின் வரலாற்றில் ஓர் இடத்தைப் பெறுகின்றார்.

முதல் இசைத்தட்டுகள்

1920 வரை அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினப் பெண்களின் குரலைப் பதிவு செய்ய முன்வரவில்லை. கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்கமாட்டார்கள் என்று அவை எண்ணின. பாடலாசிரியர் பெர்ரி பிராட்ஃபோர்டின் விடாமுயற்சியால் ஓகே நிறுவனம் மேமி சுமித் என்னும் பாடகிக்கு வாய்ப்பளித்தது. ஆகஸ்ட் 10, 1920 அன்று நியூயார்க்கில் இவர் பாடிய "கிரேசி புளூஸ்" முதல் மாதத்திலேயே சுமார் 75,000 படிகள் விற்றதாகக் கூறப்படுகின்றது. கறுப்பினப் பாடகி ஒருவர் பாடிய முதல் புளூஸ் இசைத்தட்டாக இது கருதப்படுகின்றது.

இவ்வெற்றியைக் கண்ட பிற நிறுவனங்களும் பெண் பாடகிகளைத் தேடத் தொடங்கின. அவற்றுள் ஒன்றான பாரமவுண்ட், விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலிகளும் இசைப்பெட்டிக்கான மரப்பேழைகளும் செய்த ஒரு நிறுவனத்தின் கிளை ஆகும். பேழைகளை விற்பதற்குத் துணையாகவே அது இசைத்தட்டுகளை வெளியிட்டது. மா ரெய்னி 1923 முதல் 1928 வரை இந்நிறுவனத்துக்காக ஏறத்தாழ நூறு பாடல்களைப் பதிவு செய்தார். அப்போது அவர் ஏற்கனவே இருபது ஆண்டுக்கும் மேலான மேடை அனுபவம் உடையவராக இருந்தார்.

1920களின் மேடை

கறுப்பினக் கலைஞர்களுக்கான அரங்குகளின் உரிமையாளர்கள் இணைந்து "அரங்க உரிமையாளர் பதிவுச் சங்கம்" என்னும் அமைப்பை நடத்தினர். தெற்கிலும் நடுமேற்கிலும் இருந்த அரங்குகளுக்குக் கலைஞர்களை இது சுற்றுப்பயணமாக அனுப்பியது. ஊதியம் குறைவு, பயணம் கடினம், தங்குமிடம் கிடைப்பது அரிது. எனவே கலைஞர்கள் அச்சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்துக்கு "கறுப்பினக் கலைஞரை வதைப்பது" என்ற பொருள்பட வேறு விரிவு கூறிக் கேலி செய்தனர்.

மேடைக் காட்சி மிகுந்த ஆடம்பரத்துடன் அமைக்கப்பட்டது. மா ரெய்னியின் நிகழ்ச்சியில் மேடை நடுவே பெரிய இசைப்பெட்டி ஒன்றின் உருவம் வைக்கப்பட்டிருக்கும். அதனுள்ளிருந்து முதலில் குரல் மட்டும் கேட்கும். பின்னர் கதவைத் திறந்துகொண்டு, தங்க நாணயங்கள் கோத்த கழுத்தணியுடன் பாடகி வெளியே வருவார். இசைத்தட்டில் கேட்ட குரலை நேரில் காண வந்தவர்களுக்கு இது பெரும் மகிழ்ச்சியை அளித்தது.

"புளூஸின் பேரரசி" என்று அழைக்கப்பட்ட பெஸ்ஸி சுமித் (1894–1937) டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோது தெருவில் பாடிப் பொருள் ஈட்டிய இவர், 1920களில் மிக அதிக ஊதியம் பெற்ற கறுப்பினக் கலைஞர்களுள் ஒருவரானார். ஒலிபெருக்கி இல்லாத கூடாரங்களிலும் கடைசி வரிசை வரை கேட்கும் குரல் வளம் இவருக்கு இருந்தது. இனப் பாகுபாட்டால் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட சூழலில், தம் குழுவினர் பயணம் செய்யவும் உறங்கவும் 1925 ஆம் ஆண்டில் சொந்தமாக ஓர் இரயில் பெட்டியை வாங்கினார். 1927 ஆம் ஆண்டில் வட கரோலினாவில் இவரது கூடாரத்தைச் சாய்க்க வந்த கு கிளக்சு கிளான் கும்பலை இவர் நேருக்கு நேர் நின்று விரட்டியதாக இவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய கிறிஸ் ஆல்பர்ட்சன் பதிவு செய்துள்ளார்.

குறிப்பிடத்தக்க கலைஞர்கள்

மா ரெய்னி, பெஸ்ஸி சுமித், மேமி சுமித் ஆகியோரைத் தவிரப் பின்வருவோரும் குறிப்பிடத்தக்கவர்கள்:

ஆல்பர்ட்டா ஹண்டர் (1895–1984) - மெம்பிசில் பிறந்த பாடகி, பாடலாசிரியர். "டவுன்ஹார்ட்டட் புளூஸ்" பாடலை லோவி ஆஸ்டினுடன் இணைந்து எழுதினார்.

லோவி ஆஸ்டின் (1887–1972) - சிகாகோவில் பணியாற்றிய பியானோக் கலைஞர், இசைக்குழுத் தலைவர். பாரமவுண்டின் பல பதிவுகளில் பின்னணி இசைத்தவர்.

ஐடா காக்ஸ் (இறப்பு 1967) - சொந்தமாகப் பயணக் குழு நடத்திய பாடகி. 1924 ஆம் ஆண்டில் "வைல்டு விமென் டோன்ட் ஹாவ் த புளூஸ்" பாடலைப் பதிவு செய்தார்.

சிப்பி வாலஸ் (1898–1986) - டெக்சாஸ் மாநிலத்தவர். "விமென் பி வைஸ்" பாடலால் அறியப்பட்டவர்.

விக்டோரியா ஸ்பைவி (1906–1976) - ஹூஸ்டனில் பிறந்தவர். தம் பாடல்களைத் தாமே எழுதியதுடன், 1960களில் சொந்த இசைத்தட்டு நிறுவனத்தையும் நடத்தினார். 1962 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பதிவு ஒன்றில் இளம் பாப் டிலன் மௌத் ஆர்கன் வாசித்தார்.

மெம்பிஸ் மின்னி (1897–1973) - கிட்டார்க் கலைஞர், பாடகி, பாடலாசிரியர். சுமார் 200 பாடல்களைப் பதிவு செய்தார். மேடைப் போட்டி ஒன்றில் இவரிடம் தாம் தோற்றதைப் புகழ்பெற்ற கிட்டார்க் கலைஞர் பிக் பில் புரூன்சி தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

பிக் மாமா தார்ன்டன் (1926–1984) - 1953 ஆம் ஆண்டில் வெளிவந்த "ஹவுண்ட் டாக்" இசைத்தட்டைப் பாடியவர். "பால் அண்ட் செயின்" பாடலை இயற்றியவர்.

கோகோ டெய்லர் (1928–2009) - சிகாகோ மின்னிசைப் புளூஸின் முதன்மையான பெண் குரல். "புளூஸின் அரசி" எனப் போற்றப்பட்டவர்.

பாடல்களின் கருப்பொருள்

காதல், பிரிவு, துரோகம் ஆகியவை இப்பாடல்களில் மிகுதியாக இடம்பெறுகின்றன. எனினும் வறுமை, வெள்ளப் பேரழிவு, சிறை, குடிப்பழக்கம், வீட்டு வன்முறை, வேலை தேடிய இடப்பெயர்வு ஆகியவையும் பாடப்பட்டுள்ளன. கணவனின் கொடுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது அரிதாக இருந்த காலத்தில், பாடகிகள் அதை மேடையில் பாடினர். மா ரெய்னியின் "புரூவ் இட் ஆன் மீ புளூஸ்" (1928) பெண்கள்மீது ஈர்ப்புக் கொண்ட பெண் ஒருத்தியின் கூற்றாக அமைந்தது.

அறிஞர் ஆஞ்சலா டேவிஸ் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மா ரெய்னி, பெஸ்ஸி சுமித், பில்லி ஹாலிடே ஆகியோரின் பாடல்களை ஆராய்ந்து, உழைக்கும் கறுப்பினப் பெண்களின் பெண்ணியச் சிந்தனைக்கு இப்பாடல்கள் சான்றாக உள்ளன என்று வாதிட்டார். அடிமை முறையில் யாருடன் வாழ்வது, எங்கே செல்வது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை இல்லாத மக்களின் வழித்தோன்றல்களுக்கு, காதலும் பயணமும் தனிமனித விடுதலையின் அடையாளங்களாக இருந்தன என்பது அவரது விளக்கம்.

உரிமையும் ஊதியமும்

பாடல்கள் பெரும் பொருள் ஈட்டிய போதிலும் அதில் பாடகிகளுக்குக் கிடைத்த பங்கு சிறிதே. பெஸ்ஸி சுமித்தின் முதல் வெளியீடு ஆல்பர்ட்டா ஹண்டரும் லோவி ஆஸ்டினும் எழுதிய "டவுன்ஹார்ட்டட் புளூஸ்" (1923) ஆகும். ஆறு மாதங்களில் ஏறத்தாழ 780,000 படிகள் விற்றதாகச் சொல்லப்படும் இவ்விசைத்தட்டுக்காக, கொலம்பியா நிறுவனம் பாடகிக்குப் பதிவுக் கட்டணம் மட்டுமே வழங்கியது. விற்பனைக்கேற்ற உரிமத்தொகை வழங்கவில்லை.

"ஹவுண்ட் டாக்" இசைத்தட்டு ரிதம் அண்ட் புளூஸ் விற்பனைப் பட்டியலில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதற்காகத் தமக்கு 500 டாலருக்கான ஒரே ஒரு காசோலை மட்டுமே கிடைத்ததாகத் தார்ன்டன் கூறினார். 1956 ஆம் ஆண்டில் எல்விஸ் பிரெஸ்லி அதே பாடலைப் பாடி உலகப் புகழ் பெற்றார். தார்ன்டன் இயற்றிய "பால் அண்ட் செயின்" பாடலின் பதிப்புரிமையோ ஓர் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருந்தது.

இந்நிலையை மாற்றப் போராடியவர்களுள் ரூத் பிரவுன் (1928–2006) முக்கியமானவர். 1950களில் அட்லாண்டிக் நிறுவனத்துக்குப் பெரும் வருவாய் ஈட்டித் தந்த இவர், பின்னர் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்க்க நேர்ந்தது. 1980களில் உரிமத்தொகைக்காக இவர் நடத்திய போராட்டத்தின் விளைவாகப் பழைய கலைஞர்கள் பலருக்கு நிலுவைத் தொகை கிடைத்தது. மூத்த கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை 1988 ஆம் ஆண்டில் தொடங்கப்படவும் அது காரணமானது.

வீழ்ச்சி

1929 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியால் இசைத்தட்டு விற்பனை சரிந்தது. பேசும்படமும் வானொலியும் அரங்குகளின் கூட்டத்தைக் குறைத்தன. நிறுவனங்கள் செலவு குறைந்த தனிக் கிட்டார்ப் பாடகர்களை நாடின. மா ரெய்னி ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பசு நகருக்குத் திரும்பி அரங்குகளை நடத்தினார். லோவி ஆஸ்டின் நடனப் பள்ளியில் பியானோ வாசித்தார்.

பெஸ்ஸி சுமித் செப்டம்பர் 26, 1937 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் நிகழ்ந்த சாலை விபத்தில் காயமுற்று இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை இவரை ஏற்க மறுத்ததால் இறந்தார் என்னும் செய்தி பரவியது. எட்வர்ட் ஆல்பியின் நாடகம் ஒன்றும் இதை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் இவர் கிளார்க்ஸ்டேல் நகரிலிருந்த கறுப்பினத்தவருக்கான மருத்துவமனைக்கே நேராகக் கொண்டு செல்லப்பட்டார் என்பது ஆல்பர்ட்சனின் ஆய்வால் தெளிவாயிற்று. மருத்துவமனைகள் இன அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்த காலம் என்பதால் அவ்வதந்தி எளிதில் நம்பப்பட்டது.

மேடைக்குத் திரும்புதல்

1960களில் ஐரோப்பிய இளைஞர்களிடையே புளூஸ் ஆர்வம் பெருகியது. ஹார்ஸ்ட் லிப்மன், பிரிட்ஸ் ராவ் ஆகிய செருமானியர்கள் 1962 முதல் அமெரிக்க நாட்டார் புளூஸ் விழாவை ஐரோப்பிய நகரங்களில் நடத்தினர். இவ்விழாவில் விக்டோரியா ஸ்பைவி (1963), பிக் மாமா தார்ன்டன் (1965), சிப்பி வாலஸ் (1966), கோகோ டெய்லர் (1967) ஆகியோர் பாடினர்.

1964 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், கைவிடப்பட்ட ஓர் இரயில் நிலையத்தை அமெரிக்கத் தென்மாநில நிலையம் போல் அலங்கரித்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று படமாக்கப்பட்டது. ஒரு நடைமேடையில் பார்வையாளர்களும் எதிர் நடைமேடையில் கலைஞர்களும் இருந்தனர். மழை பெய்ததையடுத்து, பைபிள் வெள்ளத்தைப் பற்றிய ஆன்மீகப் பாடலுடன் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் (1915–1973) மின் கிட்டாரைக் கையிலெடுத்துப் பாடினார். கிறித்தவ ஆன்மீக இசைக் கலைஞரான இவரது கிட்டார் நடை புளூஸ், ராக் இரண்டிலும் தாக்கம் செலுத்தியது.

ஆல்பர்ட்டா ஹண்டரின் மீள்வருகை மிகவும் வியப்புக்குரியது. 1950களில் தம் தாயின் மறைவுக்குப் பின் இசையை விட்ட இவர், வயதைக் குறைத்துக் கூறிச் செவிலியர் பயிற்சியில் சேர்ந்து, நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சுமார் இருபது ஆண்டுகள் பணியாற்றினார். 1977 ஆம் ஆண்டில், இவருக்கு 70 வயதாகிவிட்டதாகக் கருதிய மருத்துவமனை ஓய்வளித்தது. அப்போது இவரது உண்மை வயது 82. அதே ஆண்டில் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலிருந்த குக்கரி என்னும் உணவகத்தில் பாடத் தொடங்கி, இறக்கும் ஆண்டு வரை தொடர்ந்து பாடினார்.

சிப்பி வாலசின் இசைத்தட்டைக் கேட்டு ஈர்க்கப்பட்ட பாடகி பானி ரெய்ட், 1971 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் முதல் தொகுப்பில் அவருடைய இரு பாடல்களைப் பாடினார். பின்னர் முதியவரான வாலசையே அழைத்து வந்து பல மேடைகளில் உடன் பாடினார். இளைய கலைஞர் பாடலை எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், பாடலுக்கு உரியவரையும் மேடைக்குக் கொண்டுவந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

நினைவுகூரும் நிகழ்ச்சிகள்

பெண் புளூஸ் கலைஞர்களின் வாழ்வையும் பாடலையும் ஒருங்கே வழங்கும் இசை நாடகங்களும் இசையரங்குகளும் 1970களிலிருந்து பெருகின. அவற்றுள் சில:

"மீ அண்ட் பெஸ்ஸி" (1975) - பாடகி லிண்டா ஹாப்கின்ஸ் பெஸ்ஸி சுமித்தின் பாடல்களைப் பாடி, அவர் கதையைக் கூறிய நிகழ்ச்சி. பிராட்வே அரங்கில் நானூறு முறைக்கு மேல் நிகழ்த்தப்பட்டது.

"புளூஸ் என்பவள் பெண்" என்று பொருள்படும் தலைப்பிலான இசையரங்கு (1980) - நியூபோர்ட் ஜாஸ் விழாவின் பகுதியாக நியூயார்க்கில் நடைபெற்றது. எழுத்தாளர் ரொசெட்டா ரைட்ஸ் (1924–2008) இதை உருவாக்கினார். மறக்கப்பட்ட பெண் கலைஞர்களின் பழைய பதிவுகளைத் தேடி மறுவெளியீடு செய்ய இவர் 1979 ஆம் ஆண்டில் தனி நிறுவனம் தொடங்கியிருந்தார்.

"மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்" (1984) - ஆகஸ்ட் வில்சனின் நாடகம். 1927 ஆம் ஆண்டின் சிகாகோ ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், தம் குரலின் விலையை அறிந்த பாடகிக்கும் அதை மலிவாகப் பெற விரும்பும் நிறுவனத்தினருக்கும் இடையே நிகழும் மோதலைச் சித்திரிக்கின்றது. 2020 ஆம் ஆண்டில் வயோலா டேவிஸ் நடிப்பில் திரைப்படமானது.

"பிளாக் அண்ட் புளூ" (1989) - ரூத் பிரவுன், லிண்டா ஹாப்கின்ஸ், கேரி சுமித் ஆகியோர் பாடிய பிராட்வே நிகழ்ச்சி. இதற்காக ரூத் பிரவுன் டோனி விருது பெற்றார்.

1984 முதல் 2009 வரை இயங்கிய சஃபையர் என்னும் வர்ஜீனியப் பெண்கள் இசைக்குழு, 1920களின் பாடல்களைத் தம் சொந்தப் பாடல்களுடன் சேர்த்துப் பல மேடைகளில் வழங்கியது.

இத்தகைய நிகழ்ச்சிகளில் பாடலை அப்படியே நகலெடுப்பதா, புதிதாகப் பாடுவதா என்பது கலைஞர்கள் எதிர்கொள்ளும் முக்கியக் கேள்வியாகும். 1920களின் ஒலிப்பதிவுகள் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குள் அடங்கவேண்டியிருந்தன. எனவே மேடையில் கேட்கப்பட்ட முழுப் பாடலை இசைத்தட்டு காட்டுவதில்லை. இன்று பாடுவோர் சுற்றுகளைக் கூட்டியும், கருவிகளின் மறுமொழிக்கு இடம் விட்டும், பாடல்களுக்கிடையே எழுதியவரின் பெயரையும் வரலாற்றையும் கூறியும் அவ்விடைவெளியை நிரப்புகின்றனர். இசைத்தட்டின் சிட்டையில் பாடகியின் பெயர் மட்டும் பெரிதாக அச்சிடப்பட்டதால் மறைந்துபோன லோவி ஆஸ்டின் போன்ற இசையமைப்பாளர்கள் இவ்வாறே அவையோருக்கு அறிமுகமாகின்றனர்.

நினைவுக்கற்கள்

புகழ்பெற்ற பாடகிகள் பலர் பெயர் பொறிக்கப்படாத கல்லறைகளில் புதைக்கப்பட்டிருந்தனர். பென்சில்வேனியாவிலுள்ள பெஸ்ஸி சுமித்தின் கல்லறையில் 33 ஆண்டுகளாக நினைவுக்கல் இல்லை. 1970 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுவயதில் பெஸ்ஸி சுமித்தின் வீட்டில் வேலை செய்த ஹுவானிட்டா கிரீனும் செலவைப் பகிர்ந்து அங்கே கல் நாட்டினர். இரண்டு மாதங்களுக்குப் பின் ஜாப்ளினும் காலமானார். மிசிசிப்பியிலுள்ள மெம்பிஸ் மின்னியின் கல்லறைக்கு 1996 ஆம் ஆண்டில் பானி ரெய்டின் பொருளுதவியால் கல் வைக்கப்பட்டது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பின் நினைவுக்கல்லுக்கு நிதி திரட்ட ஜனவரி 11, 2008 அன்று பிலடெல்பியா அருகே இசை நிகழ்ச்சி நடத்தப்பட்டது.

தற்காலம்

பெஸ்ஸி சுமித் 1989 ஆம் ஆண்டிலும், மா ரெய்னி 1990 ஆம் ஆண்டிலும், சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 2018 ஆம் ஆண்டிலும், பிக் மாமா தார்ன்டன் 2024 ஆம் ஆண்டிலும் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டனர். 1994 ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறை மா ரெய்னி, பெஸ்ஸி சுமித் ஆகியோருக்குத் தபால்தலை வெளியிட்டது. சட்டனூகா நகரில் பெஸ்ஸி சுமித் பெயரில் பண்பாட்டு மையம் உள்ளது. கொலம்பசு நகரில் மா ரெய்னி வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டுள்ளது.

கோகோ டெய்லர் 2009 ஆம் ஆண்டு மே மாதம் புளூஸ் இசை விருது விழாவில் கடைசியாகப் பாடினார்; அடுத்த மாதம் காலமானார். 2011 ஆம் ஆண்டு சிகாகோ புளூஸ் விழாவில், அவர் அணிந்த மணிமுடியை அவரது மகள், பாடகி ஷெமீக்கா கோப்லண்டுக்குச் சூட்டினார். 1979 ஆம் ஆண்டில் பிறந்த கோப்லண்ட், மூத்த பாடகிகளின் பாடல்களுடன் இன்றைய சமூகச் சிக்கல்களைப் பற்றிய புதிய பாடல்களையும் மேடைகளில் பாடி வருகின்றார்.

இவற்றையும் பார்க்க

புளூஸ்
ஜாஸ்
பெஸ்ஸி சுமித்
மா ரெய்னி
ஆப்பிரிக்க அமெரிக்கர்